இரு போர்கள் கண்ட காலாட்படைத் தலைவர்: கர்னல் யங் ஓக் கிம்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அயல்நாட்டுப் படைத்தலைவர் ஒருவரின் வரலாறு எதற்கு என்று நம் இளைஞர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. போரைப் புகழ்வது நம் நோக்கமன்று. பதக்கங்களை எண்ணி வியப்பதும் நம் நோக்கமன்று. பிறப்பைக் காட்டி வாயிற்படியிலேயே ஒருவனை நிறுத்திவைக்கும் வழக்கம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. கடல் கடந்த நாடுகளிலும் அது வேறு பெயர்களில் வாழ்ந்திருக்கிறது. அங்ஙனம் நிறுத்திவைக்கப்பட்ட ஒருவர், உள்ளே புகுந்தபின் என்ன செய்தார், வெளியே வந்தபின் என்ன செய்தார் என்பதை அறிவது நமக்குப் பயன் தரும். அந்த நோக்கத்துடனேயே கர்னல் யங் ஓக் கிம் அவர்களின் வாழ்வை ஈண்டு எடுத்துரைக்கிறோம்.

பிறப்பும் வளர்ப்பும்

யங் ஓக் கிம் 1919-ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் கொரிய நாட்டிலிருந்து குடியேறியவர்கள். அவர்களது தாய்நாடு அப்போது தாய்நாடாக இல்லை. 1910-இல் ஜப்பான் கொரியாவைத் தன் ஆட்சியில் இணைத்துக்கொண்டது. 1945 வரை அந்த ஆட்சி நீடித்தது. கிம்மின் தந்தையார் லாஸ் ஏஞ்சல்ஸில் மளிகைக் கடை நடத்திக்கொண்டே கொரிய விடுதலைக்காகப் பாடுபட்டவர்களோடு சேர்ந்து உழைத்தவர். எனவே ஜப்பானிய ஆட்சியின் கொடுமைகளைக் கேட்டே வளர்ந்த பிள்ளை கிம் எனலாம். இதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் வரும் நிகழ்ச்சிகளின் பொருள் இதில்தான் அடங்கியிருக்கிறது.

புகுந்த நாடான அமெரிக்காவிலோ ஆசியர்களுக்கு எதிராகச் சட்டங்களே இருந்தன. குடியுரிமை பெறும் தகுதியை 1790-ஆம் ஆண்டின் சட்டம் வெள்ளையருக்கு மட்டுமே வழங்கியிருந்தது. பிற்காலத்தில் ஆப்பிரிக்க மரபினருக்கு அக்கதவு திறந்தபோதும், ஆசியக் குடியேறிகளுக்கு அது மூடியே கிடந்தது. கொரியரும் ஜப்பானியரும் மனுச் செய்து குடியுரிமை பெறும் நிலை 1952-இல்தான் முழுமையாக வந்தது. குடியுரிமை பெற இயலாதவர் நிலம் வாங்கக்கூடாது என்று கலிபோர்னியா மாநிலம் 1913-இல் சட்டமியற்றிற்று. வெள்ளையரை மணப்பதற்கும் தடை இருந்தது. அமெரிக்க மண்ணில் பிறந்த காரணத்தால் கிம் குடிமகன் ஆனார். அவரைப் பெற்றவர்கள் ஆக முடியவில்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்பின் முன் அமர்ந்து உண்பவருள் மகன் குடிமகன், தந்தை அயலார்!

மூடிய கதவுகள்

கிம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரக் கல்லூரியில் ஓராண்டு பயின்றார். பின் படிப்பை விட்டுப் பல வேலைகள் பார்த்தார். படையில் சேர விரும்பிச் சென்றபோது ஆசியர் என்ற காரணத்தால் திருப்பி அனுப்பப்பட்டார். பிறகு கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டம் வந்தது. விரும்பிச் சென்றவனை வேண்டாம் என்ற அதே படை, 1941-ஆம் ஆண்டு ஜனவரியில் அவரை அழைத்துக்கொண்டது. அழைத்தும் துப்பாக்கி ஏந்தும் பிரிவில் வைக்கவில்லை. பழுது பார்க்கும் பணியில் அமர்த்தியது. அன்றைய அமெரிக்கப் படை நிறத்தால் பிரிக்கப்பட்ட படை. கறுப்பின வீரர்களுக்குத் தனிப் பிரிவுகள், தனி உறைவிடங்கள். படையில் இன வேற்றுமை கூடாது என்று குடியரசுத் தலைவர் ட்ரூமன் ஆணையிட்டது 1948-ஆம் ஆண்டில்தான்.

1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. போர் வந்ததும் அதிகாரிகள் ஏராளமாகத் தேவைப்பட்டனர். கிம் ஜார்ஜியா மாநிலத்தின் பென்னிங் கோட்டையில் இருந்த காலாட்படை அதிகாரிப் பயிற்சிப் பள்ளிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1943 ஜனவரியில் செகண்ட் லெப்டினன்ட் ஆக வெளிவந்தார். தேவை வந்தபோது தகுதி கண்ணுக்குத் தெரிந்துவிட்டது; அதுவரை தெரியாதிருந்தது தகுதி இல்லாமையால் அன்று என்பதை நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டும்.

பகைவர் பிள்ளைகளா, உடன் நிற்பவர்களா?

புதிய அதிகாரியான கிம், மிசிசிப்பி மாநிலத்தின் ஷெல்பி முகாமில் இருந்த 100-ஆவது காலாட்படைப் பட்டாலியனுக்கு அனுப்பப்பட்டார். அந்தப் பட்டாலியன் எத்தகையது என்பதை முதலில் கூற வேண்டும்.

பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பின் அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானிய மரபினர் அனைவர்மீதும் ஐயம் விழுந்தது. 1942 பிப்ரவரி 19 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 9066 என்னும் எண்ணுள்ள ஆணையில் கையொப்பமிட்டார். அதன் விளைவாக மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய மரபினர் சுமார் 1,20,000 பேர் வீடு, கடை, விளைநிலம் அனைத்தையும் விட்டு, முள்கம்பி வேலியிட்ட முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் மூவரில் இருவர் அமெரிக்கக் குடிமக்கள். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. பிறப்பே குற்றம் ஆயிற்று. 100-ஆவது பட்டாலியனோ ஹவாய்த் தீவுகளில் ஏற்கெனவே படையில் இருந்த ஜப்பானிய மரபு இளைஞர்களைத் தனியே பிரித்து, 1942 ஜூனில் அமைத்தது. அவர்களை நம்பலாமா என்னும் ஐயத்துடனேயே அரசு அவர்களுக்குப் பயிற்சி அளித்தது.

அப்பட்டாலியனுக்குக் கொரிய மரபினர் ஒருவர் அதிகாரியாக வந்தபோது தளபதி டர்னர் தயங்கினார். கொரியரும் ஜப்பானியரும் ஒத்துப்போக மாட்டார்கள் என்று கருதி, விரும்பினால் வேறு பிரிவுக்கு மாற்றித் தருவதாகக் கூறினார். கிம் மறுத்துவிட்டார். அவர்களும் அமெரிக்கர், நானும் அமெரிக்கன், ஒன்றாகவே போரிடுவோம் என்பதே அவர் விடையின் கருத்து.

இந்த விடையை நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். தந்தையின் நாட்டை அடிமை கொண்ட இனத்தவர் என்று அந்த இளைஞர்களை அவர் வெறுத்திருக்கலாம். வெறுப்பதற்குக் காரணமும் இருந்தது, விலகிச் செல்ல வழியும் இருந்தது. ஆயினும் ஒரு பேரரசு செய்த பாவத்தை, அந்தப் பேரரசைக் கண்ணாலும் கண்டிராத பிள்ளைகளின் தலையில் ஏற்ற அவர் மறுத்தார். ஒடுக்கப்பட்டோரை ஒருவரோடொருவர் மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். அதற்கு இடங்கொடாமை போர்க்களத்திற்குச் செல்லும் முன்பே அவர் காட்டிய முதல் வீரம் என்று நாம் கருதுகிறோம்.

இத்தாலியின் மலைகளில்

1943 செப்டம்பரில் 100-ஆவது பட்டாலியன் இத்தாலியின் சலேர்னோவில் கரையிறங்கியது. இத்தாலி நாடு மலைகளாலும் ஆறுகளாலும் ஆனது. ஒவ்வொரு மலைமுகட்டிலும் ஜெர்மானியர் இயந்திரத் துப்பாக்கிகளுடன் காத்திருந்தனர். கீழிருந்து ஏறுபவனே காலாட்படை வீரன். வொல்தூர்னோ ஆற்றை அடுத்த பகுதியில் நடந்த சண்டையில் கிம் காயமுற்றார். முன்னேற்றத்தைத் தடுத்த பகைவரின் துப்பாக்கி நிலைகளை நெருங்கித் தாக்கியதற்காகச் சில்வர் ஸ்டார் என்னும் பதக்கம் பெற்றார்.

1944-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மான்டே காசினோவில் நடந்த போர் பட்டாலியனைச் சிதைத்தது. கரையிறங்கியபோது சுமார் 1,300 பேர் இருந்த பட்டாலியனில், காசினோவுக்குப் பின் போரிடும் நிலையில் எஞ்சியோர் சுமார் 500 பேரே. அத்தனை பேர் காயப் பதக்கம் பெற்றமையால் செய்தியாளர்கள் அதனைப் ‘பர்ப்பிள் ஹார்ட் பட்டாலியன்’ என்றே அழைக்கலாயினர். நம்பலாமா என்று ஐயுற்ற அரசுக்கு அவர்கள் அளித்த விடை இவ்வாறு குருதியில் எழுதப்பட்டது.

கோதுமை வயலில் இருவர்

கிம்மின் பெயரை நிலைநிறுத்திய நிகழ்ச்சி ஆன்சியோவில் நடந்தது. 1944 ஜனவரி 22 அன்று நேசநாட்டுப் படைகள் உரோமை நகருக்குத் தெற்கே ஆன்சியோ கடற்கரையில் இறங்கியிருந்தன. ஆனால் மாதக்கணக்கில் முன்னேற இயலாமல் கடலுக்கும் பகைவருக்கும் இடையே சிக்கிக் கிடந்தன. மே மாதத்தில் அங்கிருந்து உடைத்துக்கொண்டு உரோமையை நோக்கிச் செல்லத் திட்டமிட்டனர். எதிரே ஜெர்மானியரின் டாங்கிப் படை எங்கே நிற்கிறது என்பது தெரிந்தாக வேண்டும். அதை அறியப் பகைவரில் ஒருவரையேனும் உயிருடன் பிடித்துவர வேண்டும். இரவுதோறும் சென்ற குழுக்கள் வெறுங்கையுடன் திரும்பின. சிலர் திரும்பவே இல்லை.

கிம் அப்போது பட்டாலியனின் உளவுத் துறை அதிகாரி. அவர் தொலைநோக்கியால் பகைவரின் நிலைகளை நாட்கணக்கில் உற்று நோக்கினார். ஜெர்மானியர் இரவு முழுவதும் விழித்திருந்து காவல் காத்தனர். பொழுது புலர்ந்ததும் உண்டு உறங்கினர். எல்லோரும் இரவில் சென்று தோற்றதற்குக் காரணம் இதுவே என்று அவர் கண்டார். அப்படியானால் செல்ல வேண்டிய வேளை பட்டப்பகல்! மேலதிகாரிகள் முதலில் இதைப் பித்தன் பேச்சு என்றே எண்ணியிருப்பர். ஆயினும் இசைவு கிடைத்தது.

1944 மே 16 அன்று, சிஸ்டெர்னா என்னும் ஊருக்கு அருகே, கிம்மும் இர்விங் அகஹோஷி என்னும் வீரரும் புறப்பட்டனர். அகஹோஷி ஜப்பானிய மரபினர். இருள் இருக்கும்போதே கண்ணிவெடிகளையும் முள்கம்பி வேலிகளையும் கடந்து பகைவரின் எல்லைக்குள் புகுந்து பதுங்கினர். பொழுது விடிந்தது. வயல்வெளியில், பகைவரின் காவல் நிலைகளின் கண்ணெதிரே, வயிற்றால் ஊர்ந்து நூற்றுக்கணக்கான கஜ தூரம் சென்றனர். ஓர் இருமல் போதும், ஒரு தண்டு தவறாக அசைந்தால் போதும், இருவரின் கதையும் அங்கேயே முடிந்திருக்கும். அகழியில் இருந்த ஜெர்மானியர் இருவரை ஓசையின்றிப் பிடித்து, வந்த வழியே ஊர்ந்து, உயிருடன் கொண்டுவந்து சேர்த்தனர். ஒரு குண்டும் சுடப்படவில்லை.

அக்கைதிகளிடமிருந்து கிடைத்த செய்தி, எதிரே எந்தப் படை எங்கே நிற்கிறது என்பதைத் தெளிவாக்க உதவியது. மே 23 அன்று படைகள் ஆன்சியோவிலிருந்து உடைத்துக்கொண்டு முன்னேறின. ஜூன் 4 அன்று உரோமை நகர் விடுதலை பெற்றது. இச்செயலுக்காகக் கிம்முக்கு டிஸ்டிங்குவிஷ்ட் சர்வீஸ் கிராஸ் வழங்கப்பட்டது. அமெரிக்கத் தரைப்படையின் வீரப் பதக்கங்களுள் இரண்டாம் இடத்தில் உள்ளது அது.

இங்கே நாம் காண்பது வெறும் துணிச்சல் அன்று. துணிச்சல் மட்டும் இருந்தவர்கள் அதற்கு முந்திய இரவுகளில் சென்று மாண்டார்கள். கிம் முதலில் பார்த்தார், பார்த்ததை எண்ணினார், எண்ணியதைக் கணக்கிட்டார், அதன் பின்னரே ஊர்ந்தார். ‘எண்ணித் துணிக கருமம்’ என்று நம் திண்ணைப் பள்ளிகளிலும் சொல்லிக்கொடுத்தது இதையேயன்றோ!

பிரான்சின் காடுகளில்

1944 ஜூனில் 442-ஆவது படைப்பிரிவு இத்தாலிக்கு வந்து சேர்ந்தது. அதுவும் ஜப்பானிய மரபினரைக் கொண்டதே. அதில் முள்வேலி முகாம்களிலிருந்து தாமாக முன்வந்து சேர்ந்த இளைஞர்களும் இருந்தனர். பெற்றோரைக் காவற்கோபுரங்களின் கீழ் விட்டுவிட்டு, அக்காவலை வைத்த நாட்டிற்காகப் போரிடச் சென்ற பிள்ளைகள் அவர்கள். 100-ஆவது பட்டாலியன் அதனுடன் இணைக்கப்பட்டது. கிம் பட்டாலியனின் தாக்குதல் திட்டங்களை வகுக்கும் பொறுப்பில் இருந்தார். நிலப்படத்தைக் கூர்ந்து படித்து, மேடு பள்ளங்களை நேரில் கண்டதுபோல் மனத்தில் பதித்துக்கொள்ளும் திறன் அவருக்கு இருந்தது என்பர். குறைந்த உயிரிழப்பில் வெல்வதே அவர் திட்டங்களின் நோக்கம்.

1944 அக்டோபரில் இப்படை பிரான்சின் வோஸ்ஜ் மலைக்காடுகளில் புரூயேர், பிஃபோன்தேன் ஆகிய ஊர்களை விடுவிக்கப் போரிட்டது. பிஃபோன்தேன் சண்டையில் கிம்மின் கையில் குண்டு பாய்ந்தது. காயமுற்றோரைத் தூக்குப் படுக்கைகளில் கொண்டுசென்ற குழுவைக் காட்டு வழியில் ஜெர்மானியர் வளைத்துப் பிடித்தனர். கிம் தம் காயத்துடனேயே மருத்துவ உதவி வீரர் ஒருவரோடு நழுவித் தப்பி, நம்பவர்களிடம் வந்து சேர்ந்தார். பின் மருத்துவமனையில் நெடுநாள் கிடந்தார்.

அவர் மருத்துவமனையில் இருந்தபோது, காட்டில் பகைவரால் சூழப்பட்ட டெக்சாஸ் பட்டாலியனை மீட்கும் பணி 442-ஆவது படைப்பிரிவுக்கு இடப்பட்டது. 211 பேர் மீட்கப்பட்டனர். அவர்களை மீட்க, அந்த எண்ணிக்கையைப்போல் பல மடங்கு பேர் மாண்டும் காயமுற்றும் விழுந்தனர். தாம் பயிற்றுவித்த இளைஞர்களில் எத்தனையோ பேரைக் கிம் மீண்டும் காணவில்லை. போரின் கணக்கைப் பதக்கங்களால் மட்டும் எழுதுபவர்கள் இந்தக் கணக்கையும் எழுத வேண்டும்.

இரண்டாவது போர்

போர் முடிந்தது. கிம் 1946-இல் படையிலிருந்து விலகினார். லாஸ் ஏஞ்சல்ஸில் சலவை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். காசு போட்டால் தானே துணி துவைக்கும் இயந்திரங்கள் அப்போது புதுமை. தொழில் நன்கு வளர்ந்தது. படைச் சம்பளத்தைவிட வருவாய் மிகுதி. வீரப் பதக்கம் அணிந்த மார்பு சலவைத் தொழிலை இழிவென்று எண்ணவில்லை. எத்தொழிலையும் பிறப்போடு கட்டி இழிவென்று பேசும் நாட்டில் வாழும் நாம் இச்செய்தியைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

1950 ஜூன் 25 அன்று கொரியப் போர் மூண்டது. கிம் நல்ல வருவாயை விட்டு மீண்டும் படையில் சேர்ந்தார். கொரிய மரபினர் ஆதலால் பின்களத்தில் உளவு, மொழிபெயர்ப்பு முதலிய பணிகளில் அமர்த்தவே படைத்துறை விரும்பியது. அவர் காலாட்படையையே கேட்டுப் பெற்றார். 1951-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் 7-ஆவது டிவிஷனைச் சேர்ந்த 31-ஆவது காலாட்படை ரெஜிமென்டில் சேர்ந்தார். பெற்றோரின் நாட்டு மண்ணில், பெற்றோரின் மொழி பேசும் மக்களின் நடுவே, அமெரிக்கச் சீருடையில் அவர் நின்றார். சீனப் படைகளின் பெருந்தாக்குதலால் பின்னடைந்து மனம் தளர்ந்திருந்த வீரர்களை மீண்டும் வடக்கு நோக்கி முன்னேறச் செய்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. இரண்டாம் முறையாகச் சில்வர் ஸ்டார் அவருக்குக் கிடைத்தது.

அந்த முன்னேற்றமே அவருக்குப் பேரிடர் ஆயிற்று. 1951-ஆம் ஆண்டுக் கோடையில், எல்லோரையும்விட வெகு முன்னே சென்றுவிட்ட அவரது படையைப் பகைவர் என்று தவறாகக் கருதிச் சொந்தப் படையின் பீரங்கிகளே சுட்டன. கிம் கடுமையாகக் காயமுற்றார். அவரை விமானத்தில் ஜப்பானுக்குக் கொண்டுசென்று மருத்துவம் செய்தனர். உயிர் பிழைத்தவர் தாயகம் திரும்பியிருக்கலாம். ஒருவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ சில மாதங்களில் மீண்டும் போர்முனைக்கே வந்தார்.

ரெஜிமென்டின் தளபதி மெக்காஃப்ரி அவருக்கு முதலாவது பட்டாலியனின் தலைமையை அளித்தார். கிம் மேஜர் ஆனார். போர்க்களத்தில் அமெரிக்கப் பட்டாலியன் ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் ஆசிய அமெரிக்கர் அவரே. பத்தாண்டுகளுக்கு முன் துப்பாக்கி ஏந்தவும் தகுதியற்றவன் என்று பழுது பார்க்கும் பட்டறைக்கு அனுப்பப்பட்டவர், இப்போது எல்லா இனத்தவரும் அடங்கிய பட்டாலியனை நடத்தினார். மனிதர் மாறவில்லை, பார்த்த கண்கள்தாம் மாறின.

அப்பட்டாலியன் செய்த மற்றொரு செயல் குறிப்பிடத்தக்கது. போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் தெருவில் திரிவதைக் கண்ட கிம், சியோல் நகரின் அனாதை இல்லம் ஒன்றைத் தம் பட்டாலியன் ஏற்று ஆதரிக்கச் செய்தார். வீரர்கள் தம் பணத்தையும் உணவுப் பொருள்களையும் அதற்கு வழங்கினர். 1952-இல் கிம் கொரியாவிலிருந்து திரும்பினார்.

போருக்குப் பின்

கிம் தொடர்ந்து படையில் பணிபுரிந்து 1972-இல் கர்னலாக ஓய்வு பெற்றார். அவர் மார்பில் டிஸ்டிங்குவிஷ்ட் சர்வீஸ் கிராஸ் ஒன்று, சில்வர் ஸ்டார் இரண்டு, பிரான்ஸ், இத்தாலி நாடுகளின் விருதுகள், மூன்று முறை காயமுற்றதற்கான பர்ப்பிள் ஹார்ட் ஆகியன இருந்தன. ஆயினும் அவரது வாழ்வின் மற்றொரு பாதி அதன் பின்னரே தொடங்கியது என்று நாம் கூறுவோம்.

லாஸ் ஏஞ்சல்ஸில் கொரிய இளைஞர்களுக்கான அமைப்பு, மொழி அறியாத குடியேறிகளுக்கு மருத்துவ உதவி பெற்றுத்தரும் அமைப்பு, இல்லக் கொடுமைக்கு ஆளான ஆசியப் பெண்களுக்கான புகலிடம் ஆகியவற்றை உருவாக்குவதிலும் வளர்ப்பதிலும் அவர் பங்கேற்றார். ஜப்பானிய அமெரிக்கர்களின் வரலாற்றைக் காக்கும் அருங்காட்சியகத்திற்கும் துணை நின்றார். ஜப்பானிய மரபு வீரர்களின் பெயர்களைப் பொறித்த ‘கோ ஃபார் புரோக்’ நினைவுச் சின்னம் 1999-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் திறக்கப்பட்டது. அம்முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் கொரிய மரபினரான கிம். அந்த வரலாற்றைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் கல்வி அமைப்பையும் வளர்த்தார்.

1950 ஜூலையில் கொரியாவின் நோ குன் ரி என்னும் இடத்தில் அமெரிக்கப் படையினரால் அகதி மக்கள் கொல்லப்பட்ட செய்தி 1999-இல் உலகறிய வெளிவந்தது. அது குறித்த அமெரிக்க அரசின் ஆய்வுக்கு அமர்த்தப்பட்ட வெளியார் வல்லுநருள் கிம்மும் ஒருவர். தாம் அணிந்த சீருடையின் மேல் விழுந்த கறையையும் ஆராய வேண்டிய கடமை அந்த முதிய வயதில் அவருக்கு வாய்த்தது.

2005 டிசம்பர் 29 அன்று, 86-ஆம் வயதில் அவர் மறைந்தார். ஹவாயின் ஹானலூலு நகரில், தம்முடன் போரிட்ட பலர் துயிலும் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. தென்கொரிய அரசு தன் மிக உயர்ந்த படைத்துறை விருதை அவருக்கு அளித்தது. 2009-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் திறக்கப்பட்ட நடுநிலைப் பள்ளி ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. போர்வீரனுக்குப் பள்ளிக்கூடத்தைவிடச் சிறந்த நடுகல் வேறு உண்டோ?

நாம் எண்ண வேண்டியது

இவ்வரலாற்றைப் படிக்கும் நம்மவர்க்கு நம் முன்னோரின் வரலாறு நினைவுக்கு வருவது இயல்பு. கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் படையில் மகர் வீரர்கள் பெருந்தொகையாக இருந்தனர். 1818 ஜனவரி 1 அன்று நடந்த கோரேகான் போரில் மாண்ட மகர் வீரர்களின் பெயர்களை அங்குள்ள வெற்றித்தூண் இன்றும் தாங்கி நிற்கிறது. சென்னைப் படையின் சாப்பர்ஸ் பிரிவில் பறையர் குல வீரர்கள் பலர் பணிபுரிந்தனர். பின்னர் ‘போர் மரபினர்’ என்னும் கொள்கை வந்தது. சில குலத்தவரே போருக்குரியவர், ஏனையோர் அல்லர் என்று ஆங்கிலேயத் தளபதிகள் முடிவு கட்டினர். 1890-களில் மகர்களுக்குப் படையின் கதவு அடைக்கப்பட்டது. டாக்டர் அம்பேத்கரின் தந்தையார் ராம்ஜி சக்பால் அப்படையில் சுபேதாராக இருந்தவர். முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது 1917-இல் 111-ஆவது மகர் படை எழுந்தது. போர் ஓய்ந்தபின் 1921-இல் கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் மீண்டும் ஆள் தேவைப்பட, 1941-இல் மகர் ரெஜிமென்ட் தோன்றியது. அப்போது அம்பேத்கர் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவின் உறுப்பினராக இருந்து இதற்குக் குரல் கொடுத்தார். தேவை வந்தால் திறப்பதும், தேவை தீர்ந்தால் அடைப்பதும் அமெரிக்கக் கதவுக்கு மட்டும் உரிய பழக்கம் அன்று.

கதவு அடைக்கப்பட்டபோது நம் முன்னோடிகள் மனு எழுதினர். எங்கள் பாட்டன்மார் உங்களுக்காகக் குருதி சிந்தினரே, எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே கோபால் பாபா வலங்கர் முதலியோர் எழுப்பிய குரல். அன்றைய நிலையில் அவர்கள் கையில் இருந்த சான்று அது ஒன்றே. அதை நாம் குறைகூற மாட்டோம். ஆனால் இன்று நாம் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். உரிமை என்பது வீரத்துக்குத் தரும் கூலி அன்று. முள்வேலி முகாம்களில் அடைபட்ட 1,20,000 பேரில் கிழவரும் கைக்குழந்தைகளும் இருந்தனர். அவர்கள் எந்த மலைமுகட்டையும் பிடிக்கவில்லை. எந்தப் பதக்கமும் பெறவில்லை. ஆயினும் அவர்களை அடைத்தது அநீதியே. 1988-இல் அமெரிக்க அரசு சட்டமியற்றி மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர் ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் இழப்பீடு வழங்க முன்வந்தபோது, போருக்குச் சென்றவர், செல்லாதவர் என்று பிரித்துப் பார்க்கவில்லை. அதுவே முறை. வீரரைப் பெற்ற குலம் மட்டுமே மதிக்கத்தக்கது என்று நாம் ஒப்புக்கொண்டால், ‘போர் மரபினர்’ கொள்கையை வேறொரு வாயிலால் உள்ளே விட்டவர்கள் ஆவோம்.

அப்படியானால் கிம்மின் வீரத்தால் நாம் பெறுவது யாது? அவர் தம் குலத்தின் தகுதியை மெய்ப்பிக்கவே போரிட்டார் என்று நாம் கூறவில்லை. தகுதி முன்பே இருந்தது. வாய்ப்புக் கிடைத்தபோது அதைக் கற்றவர் போலப் பயன்படுத்தினார். நிலப்படத்தைப் படித்தார், பகைவரின் உறக்க நேரத்தைக் கணக்கிட்டார், தம் கீழ் இருந்தோர் வீணே சாகாதபடி திட்டமிட்டார். பகைவர் பிள்ளைகள் என்று பிறர் காட்டியவர்களோடு தோள் சேர்ந்து நின்றார். இரு போர்களைக் கடந்தபின், பெற்ற புகழைத் தம் வீட்டுச் சுவரில் மாட்டிவைத்து அமராமல், பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் நோயாளிகளுக்கும் நிழல் தரும் அமைப்புகளை எழுப்பினார்.

இளைஞர்களே! உங்களுள் சிலர் படைக்குச் செல்லலாம். பலர் அலுவலகங்களுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் வயல்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் செல்வீர்கள். எங்குச் சென்றாலும் உங்கள் முன் ஒரு வாயிற்படி இருக்கும். அதன்மீது யாரேனும் ஒருவர் உங்கள் பிறப்பைக் கேட்டுக்கொண்டு நிற்கக்கூடும். அவருக்கு உங்கள் தகுதியை மெய்ப்பித்துக் காட்ட வேண்டிய கடன் உங்களுக்கு இல்லை. உங்களுக்குள்ள கடன் வேறு: உள்ளே சென்றபின் கதவைத் திறந்து பிடித்திருப்பது, பின்னால் வருகிறவர் எவராயினும், நம்மவராயினும் பிறராயினும், அவருக்கும் வழிவிடுவது. நம் சங்கம் கால் நூற்றாண்டாகச் செய்துவரும் பணியும் இதுவே. அடுத்த கால் நூற்றாண்டில் அப்பணியை ஏற்று நடத்தப் போகிறவர்கள் நீங்களே.